மீதி வெள்ளித்திரையில்: வன்னியில் விட்டலாச்சார்யா பாட்டுப் புத்தகமும் மாத நாவலும்

2022 பெப்ரவரி 12, வாசகர் கேள்வி

வயது 26, வவுனியா. அப்பாவுக்கு இயக்குநர் விட்டலாச்சார்யாவின் மாயாஜாலப் படங்கள் என்றால் உயிர். அவருக்காக அந்தப் படங்களின் தமிழ்ப் பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், அந்தக் காலத்து மாத நாவல் எல்லாம் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: வன்னியில் ஒரு கடதாசித் துண்டும் மிஞ்சவில்லை, சென்னையில் இருந்து எடுப்பிப்பதுதான் வழி. உண்மையா? அங்கே சுத்தமான பிரதி கிடைக்கும்போது இங்கே கிழிந்ததைத் தேடி அலைவதில் பயன் உண்டா?

பெப்ரவரி 13

மிஞ்சியிருக்கிறது. நான் கிளிநொச்சிப் பக்கம். 1994இல் இருந்து சேர்க்கிறேன். 2009இல் எல்லாம் போய், முகாமில் இருந்து வந்த பிறகு திரும்பவும் ஒன்றில் இருந்து தொடங்கினேன். இன்றைக்கு வீட்டில் முந்நூற்றுச் சொச்சம் மாத நாவல், நாற்பத்தொரு பாட்டுப் புத்தகம், ஆறு நோட்டீஸ். வெளியில் இருந்து எடுப்பித்தவை ஒரு கைப்பிடிதான். மற்றதெல்லாம் வன்னிக்குள்ளேயே கிடைத்தவை.

புத்தகக் கடையில் தேடாதீர்கள் தம்பி. சலூன் மேசை லாச்சி, தையல் கடையில் அளவு வெட்டிய தாள்க்கட்டு, கோயில் மடப்பள்ளியில் பழைய பஞ்சாங்கம் அடுக்கிய தட்டு, இப்படியான இடங்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் நல்ல இடம் அம்மம்மாமாரின் றங்குப் பெட்டி. விட்டலாச்சார்யா படத்தில் பேய் எவ்வளவு உண்டோ அவ்வளவு அம்மனும் உண்டு. அதனால் வயதானவர்கள் அந்தப் பாட்டுப் புத்தகங்களைச் சினிமா என்று தள்ளி வைக்கவில்லை. தேவாரப் புத்தகத்தோடு சேர்த்து மஞ்சள் துணியில் கட்டி வைத்தார்கள். என்னிடம் இருக்கும் ஒன்பது விட்டலாச்சார்யா புத்தகங்களில் நான்கு அப்படிக் கிடைத்தவை. ஒன்றை விரித்தால் இப்போதும் திருநீறு உதிரும்.

சுத்தமானதா கிழிந்ததா என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் வரவில்லை. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

பெப்ரவரி 13, இரவு

மேலே 1994 என்று எழுதியது பிழை. 1993. முதல் நாவலின் உள்மட்டையில் நான் எழுதிய தேதி கண்ணில் நிற்கிறது. நாவல்தான் இல்லை.

பெப்ரவரி 20

தம்பி அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பாதி விட்டலாச்சார்யா படமே இல்லை. மந்திரவாதி வந்தால், கம்பளம் பறந்தால், உடனே அவர் பெயரை ஒட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். 'பாதாள பைரவி' (1951), 'மாயா பஜார்' (1957) இரண்டும் கே.வி. ரெட்டி எடுத்தவை. விஜயா கம்பனியின் பெரிய செலவுப் படங்கள். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) மாடர்ன் தியேட்டர்ஸ் சுந்தரம். 'பட்டணத்தில் பூதம்' (1967) எம்.வி. ராமன். இவற்றின் பாட்டுப் புத்தகம் கிடைத்தால் விடாமல் எடுங்கள், ஆனால் தனிக்கட்டாக வையுங்கள்.

விட்டலாச்சார்யா உடுப்பிப் பக்கத்துக்காரர், 1920இல் பிறந்தவர். டூரிங் டாக்கீஸ் நடத்தி, கன்னடத்தில் படம் எடுத்து, பிறகு மதராசுக்கு வந்து தெலுங்கில் நின்றவர். தகரக் கொட்டகைக்கு முன்னால் மண்ணில் குந்தியிருக்கும் சனத்துக்கு எந்த இடத்தில் கொட்டாவி வரும் என்று தெரிந்தவர். அந்தக் கொட்டாவி வருவதற்கு முன்பே ஒரு எலும்புக்கூட்டை எழுப்பிவிடுவார். கணினி இல்லாத காலம். கமெராவை நிறுத்தி, ஆளை எடுத்துவிட்டு ஆட்டை நிறுத்தி, திரும்பவும் ஓடவிடுவார்கள். ஒரே பிலிமில் இரண்டு தரம் ஒளி விழுத்தி ஆவியை நடக்க வைப்பார்கள். சம்பளத்தில் முறுகும் நடிகரைக் கதையில் கிளியாகவோ ஆடாகவோ சபித்துவிட்டு மிச்சப் படத்தை முடித்துவிடுவார் என்று சினிமாக்காரர் சொல்லும் கதை ஒன்று உண்டு. உண்மையோ இல்லையோ, படங்களைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

அவருடைய தமிழ்ப் படமெல்லாம் டப்பிங்தான் என்பதும் சரியில்லை. 1959இல் 'பெண் குலத்தின் பொன் விளக்கு' அவர் நேரடியாகத் தமிழில் எடுத்தது. அதன் பாட்டுப் புத்தகத்தை இன்றுவரை கண்ணால் காணவில்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பஸ் ஏறி வருவேன்.

பேய் தன் காலையே அடுப்புக்குள் விறகாக வைத்துச் சமைக்கும் காட்சி 'மதன மஞ்சரி'யில் என்று நினைக்கிறேன்.

மார்ச் 5

மட்டை இல்லாத பாட்டுப் புத்தகத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் விலையைப் பாருங்கள். 'ந.பை.' என்று இருந்தால் நயா பைசா. இந்தியாவில் 1957 ஏப்ரலில் வந்து 1964 ஜூனில் அந்த 'நயா' போய்விட்டது. ஆகவே புத்தகம் அந்த ஏழு வருடத்துக்குள் அச்சானது. வெறும் 'பைசா' என்றால் அதற்குப் பிறகு. 'சதம்' என்று இருந்தால் அது சென்னைச் சரக்கே இல்லை, இலங்கையில் அடித்தது. படம் இங்கே ஓடிய நாட்களில் உள்ளூர் அச்சகத்தில் அவசரமாக அடித்து, தியேட்டர் வாசலில் கச்சானோடு சேர்த்து விற்றது. எழுத்துப் பிழை கூடுதலாக இருக்கும், பாட்டு ஒன்றிரண்டு குறைந்திருக்கும். எனக்கு இவைதான் மேல்.

மாத நாவலுக்கு இந்த வைத்தியம் தேவையில்லை. 'ராணி முத்து' 1969இல் தொடங்கியது. முதல் பக்கத்தில் மாதமும் வருடமும் இருக்கும். கவனிக்க வேண்டியது கடை முத்திரை. எழுபதுகளில் இந்தியப் புத்தகங்களுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால் அந்த வருடங்களின் இதழ்கள் இங்கே அரிது. அந்த இடைவெளியில்தான் வீரகேசரி பிரசுரம் உள்ளூர் நாவல்களை மலிவு விலையில் போட்டது. எங்கள் தண்ணிமுறிப்பை வைத்து அ. பாலமனோகரன் எழுதிய 'நிலக்கிளி' 1973இல் அப்படித்தான் கைக்கடக்கமாக வந்தது. அதைத் துப்பறியும் நாவலோடு ஒரே தட்டில் வைக்கலாமா என்று ஒரு நண்பர் கோபித்தார். ஒரே சைக்கிள் கரியரில் கட்டி ஒரே வாசிகசாலைக்கு வந்தவை, ஒரே தட்டில் இருக்கட்டும்.

மார்ச் 20

கடதாசித் தட்டுப்பாடு. கொழும்புப் பக்கத்தில் தாள் இல்லாமல் பள்ளிக்கூடச் சோதனையையே தள்ளி வைத்துவிட்டார்கள். இங்கே பழைய தாள் வாங்குகிறவர்கள் வீடு வீடாக வருகிறார்கள், விலையும் ஏறிவிட்டது. முன்பு எரிக்கப் பஞ்சிப்பட்டுப் போட்டு வைத்ததையெல்லாம் சனம் இப்போது நிறுத்துக் கொடுக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அரிசி விற்கும் விலை அப்படி.

தம்பி, தேட வேண்டுமென்றால் இந்த மாதம் தேடுங்கள். நேற்று ஒரு தராசுத் தட்டில் 'மாலைமதி' பதினாறு இருந்தது. அடியில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று ஒரு கட்டு, சணல் கயிறு இறுகி ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. தாள்காரத் தம்பி நல்ல பிள்ளை. நிறையையே விலையாகச் சொன்னான். இரண்டு மடங்கு கொடுத்தேன். இனி எனக்குக் காட்டாமல் ஆலைக்கு ஏற்ற மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான்.

மார்ச் 31

இன்றைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. அரிக்கன் லாம்பைத் துடைத்து ஏற்றினோம். மகளுக்கு அந்தத் திரி வெளிச்சம் புதிது. எனக்கும் மனைவிக்கும் பழைய சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி.

அந்த வெளிச்சத்தில் 1986இல் மாமா வீட்டு முற்றத்தில் வீடியோ டெக்கில் படம் போட்டது நினைவுக்கு வந்தது. ரீவி, டெக், ஜெனரேட்டர் மூன்றும் ஒரே வண்டிலில் வந்திறங்கின. ஒரு இரவுக்கு மூன்று படம். முதலில் சாமிப் படம், நடுவில் சண்டைப் படம், விடியப்புறம் விட்டலாச்சார்யா. பிள்ளைகள் நித்திரையான பிறகு பேய்ப் படம் போடலாம் என்பது பெரியவர்களின் திட்டம். ஒரு பிள்ளையும் நித்திரை கொள்ளவில்லை. சாக்கு விரித்து, ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்து, எண்பது பேராவது இருந்திருப்போம். ஜெனரேட்டர் இடைக்கிடை இரைச்சல் மாறும். இரைச்சல் மாறினால் படம் சுருங்கும், பேயும் குள்ளமாகும். பேய் தன் காலை அடுப்புக்குள் வைத்தபோது மாமா எழும்பி நின்று அம்மம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "மாமி, இனி விறகுக்குக் காட்டுக்குப் போகத் தேவையில்லை."

முற்றமே சிரித்தது. அம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அவள் பாவமடா, ஏமாத்துப்பட்டுப் பேயானவள்" என்றார். எனக்கு அந்த வார்த்தை முப்பத்தாறு வருடமாக மறக்கவில்லை. காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நிற்கும் இந்த நாட்களில் மாமாவின் வார்த்தையும் மறக்கவில்லை.

ஏப்ரல் 3

திருத்தம். அடுப்புக் காட்சி 'ஜகன்மோகினி' (1978), 'மதன மஞ்சரி' (1980) இல்லை. ஜெயமாலினி நடித்தது. மூன்று நாளுக்கு முன் அந்த இரவை எழுதிக்கொண்டிருந்தபோதே அம்மம்மாவின் சொல்லில் இருந்து கதை முழுவதும் திரும்பி வந்தது. கைவிடப்பட்டவள் பேயாகி, மறுபிறவி எடுத்து வந்தவனைத் தேடி வருகிறாள். 2009இல் அதே பெயரில் நமிதாவை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். நாங்கள் செட்டிகுளம் முகாமில் இருந்த வருடம். அதன் போஸ்டர்கூட என்னிடம் இல்லை, தேடவும் மனம் வரவில்லை.

விட்டலாச்சார்யா 1999 மே மாதம் இறந்தார். அந்தச் செய்தி வன்னிக்குள் எனக்கு எட்டவே இல்லை. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு, வவுனியாவில் கச்சான் சுற்றித் தந்த பழைய பத்திரிகைத் துண்டில்தான் படித்தேன். அந்தத் துண்டையும் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 24

2009இல் எல்லாம் போனது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நீட்டாமல் சொல்கிறேன்.

கிளிநொச்சியில் இருந்து வெளிக்கிடும்போது உழவு இயந்திரப் பெட்டியில் றங்குப் பெட்டிக்கும் இடம் கிடைத்தது. விசுவமடுவில் இருந்து வெளிக்கிடும்போது கிடைக்கவில்லை. 2009 ஜனவரி. இடுப்பளவு கிடங்கு வெட்டி, உரப்பை இரண்டு மடிப்பு, அதற்குள் பொலித்தீன், அதற்குள் றங்குப் பெட்டி. அடையாளத்துக்கு ஒரு முருங்கைக் கதியால் நட்டேன். கண்ணிவெடி அகற்றி, 2011இல் போனபோது முருங்கை மரமாகிக் காய்த்திருந்தது.

பெட்டி இருந்தது. பூட்டைத் தட்டத் தேவைப்படவில்லை, மூடி கையோடு வந்தது. உள்ளே புத்தகங்கள் இல்லை, ஒரு கட்டி இருந்தது. தாளெல்லாம் தண்ணீர் குடித்து, காய்ந்து, ஒன்றாகி, ஈரச் செங்கல் நிறத்தில். கரையான் நடுவால் வீதி போட்டிருந்தது. ஊசி அடித்த இடமெல்லாம் இரண்டு இரண்டாகத் துருப் புள்ளி. அந்தப் புள்ளிகளை எண்ணித்தான் எத்தனை புத்தகம் என்று கணக்குப் பார்த்தேன். நூற்றுப் பத்தோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பால்மாப் பேணி ஒன்றுக்குள் சுருட்டி, மூடியைச் சுற்றி மெழுகுதிரி உருக்கி அடைத்த மூன்று பாட்டுப் புத்தகம் மட்டும் பிழைத்தது. அடைத்தது நான் இல்லை, மனைவி. எனக்கு அந்த நேரம் அந்தப் பொறுமை இல்லை.

இன்று என் தட்டில் முதலில் நிற்பவை அந்த மூன்றும்தான். இன்னும் நிமிரவில்லை, விட்டால் சுருண்டுவிடும்.

மே 15

பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிள் மூன்று கிழமையாகத் தாழ்வாரத்தில். சைக்கிளில்தான் சுற்றுகிறேன். சைக்கிளில் போனால் படலைக்குப் படலை நின்று கதைக்க வருகிறது, அதனால் இந்த மாதம் கிடைத்தது போல முந்தி ஒரு வருடத்திலும் கிடைத்ததில்லை.

நேற்று முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு வீட்டில் பஞ்சாங்கக் கட்டுக்குள் இருந்து ஒன்று வந்தது. மட்டை இல்லாத பாட்டுப் புத்தகம், எட்டுப் பக்கம், விலை சதத்தில். படத்தின் பெயர் மட்டையோடு போய்விட்டது. கதைச் சுருக்கம் இருக்கிறது: மந்திரவாதி இளவரசனைக் கிளியாக்கிக் கோட்டைக்குள் அடைக்கிறான், இளவரசி தேடிப் புறப்படுகிறாள். கடைசி வரி எல்லாப் பாட்டுப் புத்தகத்திலும் உள்ளதுதான்: "இளவரசி கிளியை மீட்டாளா? மீதியை வெள்ளித்திரையில் காண்க."

அதற்குக் கீழே நீலப் பேனையில் ஒரு கையெழுத்து: "இங்கே வெள்ளித்திரை இல்லாதபடியால் மீதியை நான் எழுதுகிறேன்."

எழுதியிருக்கிறது. பாட்டுகளுக்கு இடையில் விட்ட வெள்ளையில், ஓரத்தில், கடைசிப் பக்கம் முழுவதும். இளவரசி கோட்டை வாசலுக்கு வருகிறாள். காவலர் எல்லோரையும் மறித்து வைத்திருக்கிறார்கள், கிளியை மட்டும் மறிப்பதில்லை. அவள் மந்திரக்கோலை எடுக்கிறாள். கிளி வேண்டாம் என்கிறது. "நான் மனிதனானால் உன்னோடு உள்ளே இருந்துவிடுவேன். கிளியாகவே இருந்தால் போய்ப் போய் வரலாம்" என்கிறது. பிறகு ஒவ்வொரு நாளும் பறந்துபோய் அலகில் ஒன்று கொண்டு வருகிறது. முதல் நாள் ஒரு தீக்குச்சி. இரண்டாம் நாள் சவர்க்காரத் துண்டு. மூன்றாம் நாள் பென்ரோர்ச் பற்றரி ஒன்று. "ஒன்று போதாது, இரண்டு வேணும் என்று இளவரசி சொன்னாள். கிளி மற்றதுக்குப் போனது." அந்த இடத்தில் தாளின் மூலை கிழிந்திருக்கிறது. மூன்று நான்கு வரி இருக்கலாம்.

பற்றரி வருவதால் காலம் சொல்லலாம். 1990க்கும் 2002க்கும் நடுவில், பற்றரி தடைப்பட்டியலில் இருந்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம்.

இரவு மூன்று தரம் படித்தேன். இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

மே 16

பெப்ரவரியில் யோசித்துச் சொல்கிறேன் என்ற பதில் இதுதான். தம்பி, கிழிந்ததை எடுங்கள்.

சென்னைப் பிரதியை வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்பா படிக்க ஆசைப்பட்டால் எடுப்பித்துக் கொடுங்கள். ஆனால் அது அச்சகத்தில் இருந்து அலமாரிக்குப் போய் அங்கேயே இருந்த புத்தகம். இங்கே ஒரு மாத நாவல் இருபது கை மாறியது. ஆஸ்பத்திரி வாங்கில் படித்தார்கள், பங்கருக்குள் படித்தார்கள். உள்மட்டையில் வரிசையாகப் பெயர் இருக்கும், பக்கத்தில் திருப்பித் தந்த தேதி இருக்கும். கொலைகாரன் பெயரை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்த குழப்படிகாரரும் உண்டு, அதற்குக் கீழே அவரைப் பேசி எழுதியவர்களும் உண்டு. அந்த எழுத்துகள் வேறு எங்கும் அச்சாகவில்லை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதிக் குறைவு இருக்கிறது. 2012, 2013இல் கிடைத்த நாவல்களில் இருந்த பெயர்களை அழிறப்பரால் அழித்தேன். பென்சில் எழுத்தென்றால் சுத்தமாகப் போய்விடும், புத்தகம் புதிது போல இருக்கும் என்று சந்தோசப்பட்டேன். முப்பது புத்தகமாவது இருக்கும். இப்போது அவற்றை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துப் பார்க்கிறேன். பள்ளம் தெரிகிறது, எழுத்துப் பிடிபடவில்லை. அழித்த பெயர்களில் எத்தனை பேர் இன்றைக்கு இருக்கிறார்களோ.

மே 29

அந்தக் கிளிக் கதைப் புத்தகம் விட்டலாச்சார்யா படத்தினுடையதுதானா என்று மன்னாரில் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பெப்ரவரியில் தம்பிக்கு நான் கொடுத்த அறிவுரையை நானே மீறிவிட்டேன். கிளி என்றதும் அவர் பெயரை ஒட்டிவிட்டேன். பாட்டுகளை அக்கா சொன்ன படங்களோடு ஒத்துப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. அந்தக் கட்டில் இருந்து எடுத்துத் தனியே வைத்திருக்கிறேன். ஒன்பது ஒன்பதாகவே இருக்கட்டும்.

ஜூன் 12

தம்பி படம் அனுப்பிய 'அசல்' பாட்டுப் புத்தகம் அசல் இல்லை. மனவருத்தம்தான், ஆனால் பணம் திரும்பக் கேளுங்கள். பழைய பத்திரிகைத் தாள் ஓரத்தில் இருந்து உள்நோக்கிப் பழுக்கும். ஓரம் தேயிலைச் சாய நிறம், நடு வெளிறல். உங்களுடையது எல்லா இடமும் ஒரே பழுப்பு. துருக் கறையில் விரலை வையுங்கள். கறை தெரிகிறது, ஊசி இல்லை. கலரில் போட்டோக் கொப்பி எடுத்து மடித்திருக்கிறார்கள். எனக்கும் 2017இல் இப்படி நடந்தது. விற்றவர் பிறகு போன் எடுக்கவில்லை.

டொலர் இந்த விலை போகும்போது வெளியில் இருந்து எடுப்பிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

ஜூலை 17

கையெழுத்து யாருடையது என்று பிடிபட்ட மாதிரி இருக்கிறது.

என்னிடம் உள்ள நாவல் ஒன்றில் வாசிகசாலைப் பதிவுத் துண்டு ஒட்டியிருக்கிறது. அதே நீலம், அதே சரிவு. 'ழ'வின் வால் கீழே வந்து இடப்பக்கம் வளைந்து முன்னெழுத்தைத் தொடும். 'ற' மேலே மட்டமாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கைதான். அந்த வாசிகசாலையைப் பார்த்தவர் ஒரு ரீச்சர், இப்போது ஓய்வு, ஒட்டுசுட்டானில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நிச்சயமாக அவர்தான்.

ஓகஸ்ட் 14

கியூஆர் பங்கீட்டில் கிடைத்த பெற்றோலை ரீச்சர் வீட்டுக்கென்றே வைத்திருந்து போனேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, திண்ணையில் வெளிச்சத்துக்கு வந்து பார்த்தார். முதல் வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. முடிய நெடுநேரம் எடுத்தது, நான் கோழிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"இது நான் எழுதினதில்லைத் தம்பி."

பதிவுத் துண்டை எடுத்துக் காட்டினேன். "இது நான்தான். அது இல்லை."

எழுத்து ஒன்றாக இருக்கிறதே ரீச்சர் என்றேன்.

"ஒன்றாகத்தான் இருக்கும். ஆண்டு மூன்றில் உறுப்பெழுத்துப் பழக்கினது நான். 'ழ'வுக்கு வால் இப்படித்தான் வர வேணும் என்று கையைப் பிடித்து எழுத வைப்பேன். இருபது வருசம் பழக்கினேன். என்ரை பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த எழுத்துத்தான்."

ஜூலை 17இல் நிச்சயம் என்று எழுதியதை எடுத்துவிட வேண்டும். ஆனால் நான் பார்த்தது பிழையும் இல்லை. ஒரே கைதான், அது எத்தனையோ பிள்ளைகளிடம் இருந்த கை.

இரண்டு இரவு வைத்திருக்கத் தரலாமா என்று கேட்டார். நான் ஒருவருக்கும் இரவல் கொடுப்பதில்லை. கொடுத்துவிட்டு வந்தேன்.

ஓகஸ்ட் 17

போய் எடுத்துவந்தேன். பத்திரிகைத் தாளில் சுற்றி, நடுவில் ஒரு வேப்பிலை வைத்துத் தந்தார். எந்தப் பிள்ளை என்று ஏதும் பிடிபட்டதா என்று கேட்டேன். இரண்டு பேரை நினைத்தாராம், பெயர் சொல்லவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை.

தம்பி அப்பாவுக்குக் காட்டப் படம் கேட்டிருந்தீர்கள். எட்டுப் பக்கமும் எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒன்பதாவது படம் பாட்டுப் புத்தகம் இல்லை, ரீச்சரின் கொப்பி. இரண்டு இரவும் இருந்து கிளிக் கதை முழுவதையும் தன் கையால் பார்த்து எழுதியிருக்கிறார். எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தியிருக்கிறார். மூலை கிழிந்த இடம் வந்ததும் நான்கு வரி வெறுமையாக விட்டிருக்கிறார்.